தாய்லாந்தின் மாகாண நகரத்துக்குக் குடிபோகும்போது பிள்ளைகளுக்குப் பள்ளி தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை மாற்றத்தாலோ, துணைவரின் சொந்த ஊர் என்பதாலோ, பாங்காக்கைத் தாண்டி சியாங் மாய், கோன் கேன், உடோன் தானி, கோராட், ஹாட் யாய் போன்ற ஊர்களுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. உதாரணங்கள் பெரும்பாலும் சியாங் மாயிலிருந்து, அங்கேதான் பள்ளிகள் அதிகம் என்பதால். பணக்கணக்கு எல்லாம் தாய்லாந்து நாணயமான 'பாட்' கணக்கில். இன்னொன்று: 'தாய் மொழி' என்று எழுதினால் நம் கண்ணுக்கு வேறு அர்த்தம் வந்துவிடுகிறது. ஆகவே கீழே 'தாய்லாந்து மொழி' என்றே எழுதியிருக்கிறோம். 'தாய் பள்ளி' என்றால் தாய்லாந்துப் பாடத்திட்டத்தில் நடக்கும் பள்ளி.

முதலில் வீடு பார்ப்பதா, பள்ளி பார்ப்பதா?

பள்ளி. வீட்டை ஒரு மாதத்துக்குத் தற்காலிகமாக எடுத்துக்கொள்ளுங்கள், ஓராண்டு ஒப்பந்தத்தைப் பள்ளி முடிவான பிறகு போடுங்கள். வரைபடத்தில் 9 கிலோமீட்டர் என்பது காலை 7.15-க்கும் 8 மணிக்கும் இடையில் வேறு தூரம். சியாங் மாயில் கேயோ நவரத் சாலையில் பிரின்ஸ் ராயல்ஸ் கல்லூரி, தாரா அகாடமி என்ற இரண்டு பெரிய பள்ளிகளும் மெக்கார்மிக் மருத்துவமனையும் ஒரே வரிசையில் இருக்கின்றன. பள்ளி திறக்கும் மே மாதத்தில் அந்தப் பக்கம் போனால் புரியும். சர்வதேசப் பள்ளிகள் பல நகரத்துக்கு வெளியே இருக்கின்றன: பிரேம் தின்சூலானோன் பள்ளி வடக்கே மே ரிமில், மூங்கிலாலும் மண்ணாலும் கட்டிய பன்யாடென் பள்ளி தெற்கே ஹாங் டோங்கில். ஒன்றில் சேர்த்துவிட்டு மற்றதன் பக்கம் வீடு எடுத்தால் குழந்தையின் மாலைப்பொழுது காரிலேயே கழியும்.

என்னென்ன வகைப் பள்ளிகள் இருக்கின்றன?

அரசுப் பள்ளி, நகராட்சிப் பள்ளி, தனியார் தாய் பள்ளி, பல்கலைக்கழகத்தோடு இணைந்த 'சாதித்' பள்ளி, சர்வதேசப் பள்ளி. அரசு, தனியார் இரண்டிலுமே சில பள்ளிகள் சாதாரண வகுப்புகளோடு 'இங்கிலீஷ் புரோகிராம்' என்ற தனிப் பிரிவும் நடத்தும். பேச்சில் இ.பி. என்பார்கள். அதன் சிறிய வடிவம் மினி இ.பி.

தனியார் தாய் பள்ளிகளில் பழையவை பல கிறிஸ்தவ நிறுவனங்களுடையவை. பிரின்ஸ் ராயல்ஸ் 1887-இல் தொடங்கியது. 'கல்லூரி' என்ற பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், உள்ளே மழலையர் வகுப்பிலிருந்தே உண்டு. சாதித் பள்ளிகளில் கல்வித்தரம் நன்றாக இருக்கும். ஆனால் நுழைவுத் தேர்வு தாய்லாந்து மொழியில், போட்டியும் கடுமை. புதிதாக வந்த குழந்தைக்கு அது எட்டாது.

சியாங் மாயில் சர்வதேசப் பள்ளிகள் பத்துக்கு மேல். கோன் கேன், உடோன் தானி, சியாங் ராய் போன்ற ஊர்களில் விரல்விட்டு எண்ணிவிடலாம். அங்கே உண்மையான தேர்வு "எந்த சர்வதேசப் பள்ளி" என்பதாக இருக்காது. "அந்த ஒன்றா, நல்ல இ.பி.யா" என்பதாகத்தான் இருக்கும்.

தாய்லாந்து மொழி தெரியாத குழந்தையைத் தாய் பள்ளியில் போடலாமா?

வயதையும், எத்தனை வருடம் அங்கே இருக்கப்போகிறீர்கள் என்பதையும் வைத்துத்தான் சொல்ல முடியும். மழலையர் வகுப்பிலோ முதல் வகுப்பிலோ சேரும் குழந்தை வகுப்போடு சேர்ந்து எழுத்தைக் கற்றுக்கொள்ளும். பேச்சு ஆறேழு மாதத்தில் வந்துவிடும். மூன்றாம் வகுப்பு வரைகூடச் சமாளிக்கலாம், கூடவே தனிவகுப்பு வைத்தால். நான்காம் வகுப்பிலிருந்து பாடப்புத்தகமே சிக்கல். 44 மெய்யெழுத்து, 5 தொனி, சொற்களுக்கு இடையில் இடைவெளி இல்லாத வரிகள். அந்த எழுத்து பல்லவ எழுத்திலிருந்து கெமர் வழியாகப் போனதுதான் என்றாலும் நம் பிள்ளைகளுக்கு அந்த உறவு பரீட்சையில் உதவாது. பத்து வயதுக்கு மேற்பட்ட குழந்தையைச் சாதாரணத் தாய் வகுப்பில் உட்காரவைத்தால், கணக்கில் கெட்டிக்காரக் குழந்தையும் கேள்வியைப் படிக்க முடியாமல் பூஜ்யம் வாங்கும். நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை.

இரண்டு ஆண்டில் திரும்பிவிடுவீர்கள் என்றால் ஆங்கிலவழி. ஐந்து ஆண்டுக்கு மேல், குழந்தையும் சின்னது என்றால் தாய் பள்ளியின் இ.பி. நல்ல முடிவு. இடைப்பட்டவர்களுக்குத்தான் கஷ்டம். அவர்கள் திரும்பிப் போகும் இடத்தின் பாடத்திட்டத்தை வைத்து முடிவெடுக்கட்டும்.

குழந்தை விளையாட்டுத் திடலில் கற்பது வேறு மொழியாக இருக்கலாம். சியாங் மாயில் கம் முவாங், கோன் கேனிலும் உடோனிலும் ஈசான், ஹாட் யாயில் தெற்கத்திப் பேச்சு. வகுப்பறையில் மத்தியத் தாய்லாந்து மொழிதான். இதனால் கெடுதல் ஒன்றும் இல்லை.

இ.பி. என்று விளம்பரம் செய்கிறார்கள். உண்மையிலேயே எவ்வளவு ஆங்கிலம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வகுப்பின் வாரக் கால அட்டவணையைக் கேளுங்கள். 'தாராங் ரியன்' என்று கேட்டால் எந்த அலுவலகத்திலும் எடுத்துத் தருவார்கள். தராமல் மழுப்பினால் அதுவே பதில்.

ஏறத்தாழ, முழு இ.பி.யில் வாரம் 15 மணிநேரமாவது ஆங்கிலத்தில் பாடம் நடக்க வேண்டும். மினி இ.பி.யில் 8 முதல் 14 மணி. ஒரு பாடவேளை 50 நிமிடம் என்பதால், 18 பாடவேளைக்குக் குறைவாக ஆங்கிலம் இருந்தால் அது முழு இ.பி. ஆகாது. பென்சிலை எடுத்து அட்டவணையில் எண்ணுங்கள். கணிதம், அறிவியல், ஆங்கிலம் மூன்றும் ஆங்கிலத்தில் இருக்கிறதா? தாய்லாந்து மொழி, சமூகவியல், வரலாறு ஆகியவை தாய்லாந்து மொழியில்தான் நடக்கும், அது இயல்பு. சில பள்ளிகளில் அறிவியலை இரண்டு தடவை நடத்துவார்கள்: வெளிநாட்டு ஆசிரியர் ஒருமுறை, உள்ளூர் ஆசிரியர் ஒருமுறை. அப்போது கேட்க வேண்டியது, பரீட்சைத்தாள் யாருடையது என்பது. தாள் உள்ளூர் ஆசிரியருடையது என்றால் ஆங்கில வகுப்பைப் பிள்ளைகள் பொழுதுபோக்காகவே எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்தது ஆசிரியர்கள். "வெளிநாட்டு ஆசிரியர்கள் எத்தனை பேர்" என்று கேட்டால் பெருமையாக ஒரு எண் வரும். "போன வருடம் இருந்தவர்களில் எத்தனை பேர் இந்த வருடமும் இருக்கிறார்கள்" என்று கேளுங்கள். ஏஜென்சி மூலம் ஆள் எடுக்கும் பள்ளிகளில் மார்ச், ஏப்ரல் விடுமுறைக்குச் சம்பளம் கிடைக்காத ஒப்பந்தங்கள் உண்டு. அவர்கள் மார்ச்சில் கிளம்பினால் மே மாதம் புது முகம்தான் வரும். நேரடியாகப் பள்ளியே 12 மாதச் சம்பளத்தில் நியமித்தால் ஆள் நிலைப்பார். ஆசிரியர் மன்றமான 'குருசபா'வின் உரிமமோ தற்காலிக அனுமதியோ இருக்கிறதா என்றும் கேட்கலாம்.

சர்வதேசப் பள்ளி என்றால் எல்லாம் ஒன்றுதானா?

பெயர்ப்பலகையில் ஒன்றுதான். பிரேம் பள்ளியில் ஐ.பி. (இண்டர்நேஷனல் பாக்கலோரியேட்), லன்னாவில் பிரிட்டிஷ், நகோன்பயாப்பில் அமெரிக்கப் பாடத்திட்டம். கிரேஸ் போன்றவை மிஷனரி குடும்பங்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கியவை. சேர்க்கை முன்னுரிமையும் மதச்சூழலும் அதற்கேற்ப இருக்கும்.

தனியார் கல்வி ஆணையத்தின் உரிமம் 'சர்வதேசப் பள்ளி' என்ற வகையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருமொழிப் பள்ளிகள் சில ஆங்கிலப் பெயரில் மட்டும் 'இண்டர்நேஷனல்' ஒட்டிக்கொள்ளும். அடுத்து, வெளிநாட்டு அங்கீகாரம் கையில் இருக்கிறதா, 'விண்ணப்பித்திருக்கிறோம்' என்ற நிலையா? மூன்றாவது, மேல் வகுப்புகளில் எத்தனை மாணவர்? சிறிய ஊர்ப் பள்ளிகளில் ஆரம்ப வகுப்பில் 20 பேர் இருப்பார்கள், பதினோராம் வகுப்பில் நான்கு பேர். நான்கு பேருக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் தனித்தனியாக நடத்த எந்த நிர்வாகத்துக்கும் கட்டாது. உங்கள் பெண்ணுக்கு 13 வயது என்றால் இந்தக் கேள்விதான் முக்கியம், நீச்சல்குளம் அல்ல.

வகுப்புக் கணக்கு எப்படி? என் மகனை ஒரு வகுப்பு இறக்குகிறார்களே?

மழலையர் வகுப்பான அனுபான் மூன்று ஆண்டு, தொடக்கப்பள்ளியான ப்ரதோம் ஆறு, உயர்நிலையான மத்தயோம் ஆறு. பிரதமம், மத்தியமம் என்ற வடசொற்களேதான். ப்ரதோம் 1-க்குப் பொதுவாக மே 16 அன்று 6 வயது முடிந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 5 வயதிலேயே ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை இங்கே வயதுக்கேற்ற வகுப்புக்கு வருவான், அதாவது ஒரு வகுப்பு கீழே. வாதாடி மேலே ஏற்றாதீர்கள். புது மொழியைச் சமாளிக்க அந்த ஒரு வருடம் கைகொடுக்கும்.

எந்த மாதத்தில் விண்ணப்பிப்பது?

தாய் பள்ளிகளின் முதல் பருவம் மே நடுவில் தொடங்கி அக்டோபர் தொடக்கத்தில் முடியும். இரண்டாம் பருவம் நவம்பர் 1 முதல் மார்ச் வரை. பெயர் பெற்ற தனியார் பள்ளிகள் அடுத்த மே மாதத்துக்கான சேர்க்கையை முந்தைய ஆண்டு இறுதிக்குள்ளேயே தொடங்கிவிடும். அரசுப் பள்ளியில் மத்தயோம் 1, மத்தயோம் 4 நுழைவுத் தேர்வுகள் மார்ச் வாக்கில். சர்வதேசப் பள்ளிகள் ஆகஸ்டில் தொடங்கும், நடுவில் இடம் இருந்தால் எப்போதும் எடுப்பார்கள்.

ஏப்ரல் மாதம் வந்து சேர்கிறவர்களுக்கு ஒரு வசதி: பல தனியார் பள்ளிகள் கோடைவகுப்பு நடத்தும், 'சம்மர்' என்றே சொல்வார்கள். மூன்று நான்கு வாரம் அனுப்பிப் பார்த்தால் பள்ளியைப் பற்றி எந்தக் கையேடும் சொல்லாததைக் குழந்தை சொல்லிவிடும். தாய்லாந்துப் புத்தாண்டான சோங்க்ரான் விடுமுறை ஏப்ரல் 13 முதல் 15. நம் சித்திரைப் பிறப்பும் அப்போதுதான், அலுவலகங்களில் வேலை நடக்காது.

என்ன ஆவணங்கள் வேண்டும்?

குழந்தையின் பாஸ்போர்ட், விசா, பிறப்புச் சான்றிதழ், முந்தைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ், கடைசி இரண்டு ஆண்டு மதிப்பெண் பட்டியல், தடுப்பூசி அட்டை, பெற்றோர் பாஸ்போர்ட், வீட்டு முகவரி ஆதாரம், புகைப்படங்கள். பள்ளிக்குச் சாதாரண மொழிபெயர்ப்பு போதும் என்று சொல்லக்கூடும். ஆனால் அதே பிறப்புச் சான்றிதழை விசாவுக்கும் கேட்பார்கள், அங்கே முத்திரை இல்லாமல் நடக்காது. இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் வெளியுறவுத் துறை முத்திரையும், அதன்மேல் தாய்லாந்துத் தூதரகத்தின் முத்திரையும் ஊரிலேயே வாங்கிவிடுங்கள். சென்னையில் துணைத் தூதரகம் இருக்கிறது. தாய்லாந்து வந்தபின் மொழிபெயர்த்து வெளியுறவு அமைச்சின் சான்றளிப்புப் பிரிவில் கொடுக்க வேண்டும். தலைமையகம் பாங்காக்கின் சேங் வத்தனாவில், சியாங் மாயிலும் ஒரு கிளை உண்டு.

தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், அல்லது அப்பாவின் முழுப்பெயர் அங்கே இருக்கும். பள்ளியின் கணினியோ இரண்டு கட்டத்தையும் நிரப்பாமல் நகராது. எழுத்தர் தன் யோசனைப்படி பெயரை வெட்டி ஒட்டுவார், 'முத்துக்குமாரசாமி'யைத் தாய்லாந்து எழுத்தில் தன் காதுக்குக் கேட்டபடி எழுதுவார். அதே பெயர் மருத்துவமனையில் ஒருவிதம், குடிவரவு அலுவலகத்தில் ஒருவிதம் என்று பெருகும். சான்றளித்த மொழிபெயர்ப்பில் பெயர் எப்படி வந்திருக்கிறதோ அதை ஒரு தாளில் அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லா இடத்திலும் அந்தத் தாளைக் காட்டி எழுதச் சொல்லுங்கள். படிவத்தில் பிறந்த வருடம் புத்த ஆண்டில் இருக்கும், 543 கூட்டுங்கள்: 2017 என்பது 2560. 'ச்சூ லென்' என்று ஒரு கட்டமும் இருக்கும். கூப்பிடும் பெயர். காலியாக விடாதீர்கள், வகுப்பில் அதுதான் பெயர். ஓரசையோ ஈரசையோ போதும்.

செலவு எவ்வளவு?

அரசுப் பள்ளியின் சாதாரண வகுப்புக்குக் கல்விக்கட்டணம் கிடையாது. சீருடை, சில்லறைக் கட்டணங்கள் உண்டு. 2005 ஜூலை 5 அமைச்சரவை முடிவின்படி குடியுரிமையோ ஆவணமோ இல்லாத குழந்தையையும் பள்ளி சேர்த்துக்கொள்ள வேண்டும். அரசு இ.பி.க்கு அமைச்சின் வரம்பு பருவத்துக்கு 35,000, மத்தயோம் 4 முதல் 40,000. மினி இ.பி.க்கு 17,500, 20,000. தனியார் சாதாரண வகுப்பு பெரும்பாலும் ஆண்டுக்கு 20,000 முதல் 60,000 வரை, இருமொழிப் பிரிவு அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. மாகாண சர்வதேசப் பள்ளிகள் ஏறத்தாழ 2 லட்சத்தில் தொடங்கி, மேல்வகுப்பில் 6 லட்சத்தைத் தாண்டுபவையும் உண்டு.

கட்டண அட்டவணையில் பார்க்க வேண்டியது கீழே இருக்கும் வரிகளை: திரும்பாத சேர்க்கைக் கட்டணம், திரும்பும் வைப்புத்தொகை, ஆங்கிலம் போதாத குழந்தைக்குக் கூடுதல் வகுப்புக் கட்டணம், மதிய உணவு, வேன், தேர்வுக் கட்டணம். நம் பிள்ளைகளை நேர்காணலுக்குப் பிறகு கூடுதல் ஆங்கில வகுப்பில் போட்டுவிடுவது நடக்கிறது. எத்தனை பருவம், எந்த மதிப்பீட்டில் விடுவிப்பார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள்.

'பே சியா' கேட்டால்?

பெயர் பெற்ற பள்ளியில் இடத்துக்காகக் கொடுக்கும் பணத்துக்கு அந்தப் பெயர். தேநீர்க்காசு என்பார்கள். அதிகாரப்பூர்வ நன்கொடை என்றால் பள்ளியின் பெயரில் ரசீது வரும். ரசீது இல்லாத பணத்தைக் கொடுக்காதீர்கள். இடம் கிடைக்காவிட்டால் யாரிடம் கேட்பீர்கள்?

விசா எப்படி?

தாய் அல்லது தந்தைக்கு வேலை அனுமதியும் 'பி' விசாவும் இருந்தால் குழந்தை 'ஓ' விசாவில் சார்ந்திருப்பவராக வரும். பள்ளி தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. அது இல்லாவிட்டால் பள்ளியின் கடிதத்தோடு குழந்தைக்குக் கல்வி விசா, கூட இருக்கும் பெற்றோருக்குப் பாதுகாவலர் விசா. அதற்கு வங்கியில் 5 லட்சம் காட்ட வேண்டும். பாதுகாவலர் விசாவை நம்பி வருகிறவர்கள், அந்தப் பள்ளி இதற்கு முன் இப்படிக் கடிதம் கொடுத்துப் பழக்கப்பட்டதா என்று சேர்க்கைக் கட்டணம் கட்டும் முன் கேளுங்கள். 90 நாளுக்கு ஒருமுறை குடிவரவு அலுவலகத்துக்கு முகவரி தெரிவிக்கும் அறிவிப்பு குழந்தைக்கும் உண்டு.

புகை பற்றிப் பயமுறுத்துகிறார்களே?

காரணத்தோடுதான். வடக்கில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வயல், காட்டுத் தீ. மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில் புகை தங்கிவிடும். கோன் கேன் பக்கம் கரும்புச் சோகை எரிப்பு டிசம்பரிலேயே தொடங்கும். ஆஸ்துமா உள்ள குழந்தை என்றால் பள்ளி தேர்வில் இதை முதலில் வையுங்கள்.

பள்ளியில் கேட்க வேண்டியது: காற்றுச் சுத்திகரிப்பான் ஒவ்வொரு வகுப்பிலுமா, வடிகட்டியைக் கடைசியாக மாற்றியது எப்போது, எந்த அளவுக்கு மேல் வெளியே விளையாட விடமாட்டார்கள்? முடிந்தால் மார்ச்சில் பி.எம். 2.5 என்ற நுண்தூசியை அளக்கும் ஒரு சிறிய மானியோடு போய் வகுப்பறையில் வையுங்கள். சுத்திகரிப்பான் ஓடும்போதும் வெளியே 150, உள்ளே 110 என்றால் கதவும் ஜன்னலும் மூடாமல் இருக்கின்றன, அல்லது அறைக்கு அந்த இயந்திரம் போதவில்லை. மூங்கில் கட்டடங்கள், திறந்த வகுப்பறைகள் பார்க்க அழகு. மார்ச்சில் அந்த அழகை எப்படி மூடுகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சைவக் குழந்தைக்குச் சாப்பாடு?

தாய் பள்ளியில் மதிய உணவு எல்லாருக்கும் ஒன்று. காய்கறிப் பொரியலிலும் மீன் சாறு 'நாம் ப்லா', சிப்பிக் குழம்பு, கொத்திய பன்றி இறைச்சி ஏதாவது இருக்கும். 'மாங்சவிரத்' என்றால் சைவம். 'ஜே' என்றால் பூண்டு, வெங்காயம்கூடக் கிடையாது. "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் இறைச்சியைப் பொறுக்கி எடுத்துவிட்டுத் தருவார்கள். வீட்டுச் சாப்பாடு கொண்டுவர அனுமதி உண்டா என்று கேட்டுவிடுவதே சுலபம்.

ஒரு நாள் எப்படிப் போகும்? கட்டுப்பாடுகள்?

8 மணிக்குக் கொடியேற்றம், தேசியகீதம், பௌத்தப் பள்ளி என்றால் சிறு பிரார்த்தனை. 3.30-க்கு விட்டாலும் 'ரியன் பிசேத்' என்ற கூடுதல் வகுப்பில் பாதிப் பேர் 5 மணி வரை இருப்பார்கள். சீருடை ஒன்றல்ல: தினச் சீருடை, விளையாட்டு உடை, வாரம் ஒருநாள் சாரணர் உடை, சியாங் மாயில் பல பள்ளிகளில் வெள்ளிக்கிழமை வடக்கத்திப் பாரம்பரிய லன்னா உடை. சட்டையில் பெயரும் எண்ணும் தைக்க வேண்டும், பள்ளிக்கு எதிரே தையற்காரர் இருப்பார். முடி விதி பள்ளிக்குப் பள்ளி மாறும், நீளமாக வளர்க்கும் பையன் என்றால் முன்பே கேளுங்கள். ஜூனில் ஒரு வியாழக்கிழமை 'வாய் க்ரூ', ஆசிரியர் வணக்கம். நம் பிள்ளைகளுக்கு அதில் அந்நியம் ஒன்றும் தெரியாது.

பிரம்படிக்கு அனுமதி இல்லை. 2005 விதிகளில் எச்சரிக்கை, நடத்தை மதிப்பெண் குறைப்பு போன்றவைதான் தண்டனை. ஆனாலும் சில வகுப்புகளில் நடக்கிறது. குழந்தையிடம் கேட்டுக்கொண்டே இருங்கள்.

நடுவில் ஊருக்குப் போகலாமா?

வருகை 80 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தப் பாடத்தில் பரீட்சை எழுத விடமாட்டார்கள். பட்டியலில் 'மோ. சோ.' என்று விழும். பொங்கலுக்கு இரண்டு வாரம் போவது தாங்கும், கல்யாணம் என்று ஐந்து வாரம் தாங்காது. மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை விடுமுறை, ஊர்ப் பயணத்தை அதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேன் பாதுகாப்பா?

பெரும்பாலும் தனியார் ஓட்டுவது, பள்ளியுடையது இல்லை. இருக்கை எண்ணிக்கைக்கு மேல் ஏற்றுகிறாரா, ஓட்டுநரோடு இன்னொருவர் இருக்கிறாரா, இறக்கியபின் உள்ளே நடந்து பார்த்து எண்ணுகிறாரா? சின்னக் குழந்தைகள் தூங்கி வேனிலேயே விடுபட்ட சம்பவங்கள் அந்த நாட்டில் திரும்பத் திரும்ப நடந்திருக்கின்றன. உங்கள் பிள்ளை வராத நாளில் 9 மணிக்குள் பள்ளி அழைக்குமா என்பதையும் கேளுங்கள். சுற்றுலாப் பேருந்து என்றால் அவசரக் கதவு திறக்கிறதா என்று கேட்பது மிகையல்ல. 2024 அக்டோபர் 1-இல் மாணவர் பேருந்து தீப்பிடித்து 23 பேர் இறந்தார்கள்.

பிறகு இந்தியக் கல்லூரியில் சேர முடியுமா?

மாகாண நகரங்களில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளியை எதிர்பார்க்காதீர்கள். வெளிநாட்டுச் சான்றிதழுக்கு இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பிடம் சமநிலைச் சான்று வாங்க வேண்டும். மருத்துவம் என்றால் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் இருந்தாக வேண்டும். பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் 14, 15 வயதிலேயே இதைப் பார்க்காவிட்டால் பிறகு சரிசெய்வது கஷ்டம்.

கற்றல் குறைபாடு உள்ள குழந்தைக்கு?

மாகாணத்தில் இதுதான் பலவீனமான இடம். பயிற்சி பெற்ற ஆள் யார், வாரம் எத்தனை மணி என்று பெயரோடு கேளுங்கள். "பார்த்துக்கொள்வோம்" என்ற பதிலை 'இல்லை' என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சேர்த்தபின் பொருந்தவில்லை என்றால்?

ஒரு பருவமாவது பாருங்கள். முதல் ஆறு வாரம் எந்தக் குழந்தையும் அழும். மாறுவது என்று முடிவானால் பருவ இறுதியில் மாறுங்கள். சர்வதேசப் பள்ளியில் பெரும்பாலும் ஒரு பருவ முன்னறிவிப்பு எழுத்தில் கொடுத்தால்தான் வைப்புத்தொகை திரும்பும். தாய் பள்ளியிலிருந்து 'போ. போ. 1' என்ற மதிப்பெண் பதிவேட்டின் ஒரு பிரதியை, ஆங்கிலத்திலும் ஒன்று, பதிவாளர் கையெழுத்தோடும் முத்திரையோடும் வாங்குங்கள். பாக்கி இருந்தால் இழுத்தடிப்பார்கள், ஆகவே நூலகப் புத்தகம், உணவுக் கணக்கு எல்லாம் முடித்துவிட்டுப் போங்கள். ஏப்ரலில் அலுவலகம் அரைநாள்தான் திறந்திருக்கும். ஊரைக் காலி செய்யும் வாரத்தில் இதை வைத்துக்கொள்ளாதீர்கள்.